என்னங்க, இந்தக் கத்தி வேண்டாம்!

"என் புருஷனுக்கு இந்தக் கத்தி பிடிக்காது" என்றாள் எகிலானா.

அவள் புருஷன் செத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது.

கடைக்கார ஊஸாக் அந்தக் கத்தியைத் துடைத்து மறுபடியும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தான். இது மூன்றாவது. எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"இதோ பாரு எகிலானா, நான் வாங்க வந்தது என் பொண்ணுக்கு. உன் புருஷனுக்கு இல்ல."

"ரெண்டும் ஒண்ணுதானே, மாமா?"

கடையில் இருந்த நாலு பேரும் சிரித்தார்கள். அறுபது வயசுக்காரி, முப்பத்தெட்டு வயசுக்காரனைப் பார்த்து மாமா என்றால் வேறென்ன செய்வார்கள்?

எல்லாம் நானே இழுத்து விட்டுக்கொண்டது. சீல் என்கிற கடல்நாய் வேட்டைக்குத் தனியாகப் போன அவள் புருஷன் இமினா, பனிக்கட்டி மேலேயே விறைத்துச் செத்துப் போனார். அடுத்த மூன்றாம் மாசம் எனக்குப் பெண் பிறந்தது. பனிக்கடலோர எங்கள் ஊரான கானாக்கில் எல்லாரும் செய்கிற மாதிரி நானும் செத்தவர் பெயரையே வைத்தேன். பெயர் வந்தால் ஆளும் வந்தாச்சு. அன்றையிலிருந்து என் பெண் இமினா அவளுக்குப் புருஷன், நான் மாமனார். அம்மா முதுகில் தூங்கிக்கொண்டிருந்த பச்சைக் குழந்தையை "என்னங்க, பசிக்குதா?" என்று கேட்டவள் இவள்.

அதெல்லாம் சந்தோஷம்தான். அதற்காகக் கத்தி விஷயத்திலுமா மூக்கை நுழைப்பது?

நாளைக் காலையில் இமினா முதல் முறையாக என்னோடு சீல் வேட்டைக்கு வருகிறாள். இடுப்பில் என்ன கத்தி தொங்குகிறது என்று ஊரே பார்க்கும். நல்ல கத்தி வாங்காமல் கடையை விட்டுப் போவதில்லை என்று நான் முடிவோடு வந்திருந்தேன்.

கூட வந்திருந்த இமினாவும் ஒன்றைப் பிடித்தவள் விடவில்லை. கலைமான் கொம்பில் கைப்பிடி, ஒல்லியான நீள அலகு, நடுவில் எந்தத் தடையும் இல்லாமல் வழவழவென்று ஒரே ஓட்டம். என் இடுப்பில் இருப்பதும் அதே ஜாதிதான்.

"அப்பா, இதுதான் வேணும்."

"இதேதான் வாங்கறோம்" என்றேன்.

எகிலானா குறுக்கே வந்து நின்றாள். அவள் கையில் ஒரு குட்டைக் கத்தி. சிவப்பு ரப்பர் கைப்பிடி. அதற்கும் அலகுக்கும் நடுவில், விரல் முன்னால் போகாமல் தடுக்க ஒரு பித்தளைக் கட்டை.

"என்னங்க, இதைப் பாருங்க. உங்களுக்கு இதுதான் பிடிக்கும்."

இமினா முகத்தைச் சுளித்தாள். "ஐயே! இது ஊர் சுத்திப் பாக்க வர்றவங்க வாங்கற கத்தி, எகிலானா."

"இதைக் கட்டிக்கிட்டுப் போனா வண்டி இழுக்கிற நாய்கூடச் சிரிக்கும்" என்றான் ஊஸாக்.

"சிரிக்கட்டுமே. நாய் சிரிச்சு இதுவரைக்கும் யாரும் செத்ததில்ல."

"தோலை உரிக்கும்போது அந்தக் கட்டை இடிக்கும். வேலைக்கே ஆகாது" என்றேன் நான்.

"மெதுவா உரிக்கட்டும், மாமா. செத்த சீல் எழுந்தா ஓடப் போகுது?"

மறுபடியும் சிரிப்பு. எனக்கு மானம் போயிற்று.

"போதும் நிறுத்து! உன் புருஷன் இந்த ஊர்லயே பெரிய வேட்டைக்காரர், நான் இல்லேன்னு சொல்லல. அதுக்காக அவர் பேரைச் சொல்லி என் பொண்ணை ஊர் சிரிக்க வைக்காதே. வீட்டுக்குப் போ."

போகவில்லை. கல்லாவை மறைத்துக்கொண்டு நின்றாள். "என்னைத் தள்ளிவிட்டுட்டுத்தான் அதை வாங்கணும்" என்றாள்.

பிடிவாதத்துக்கும் ஓர் அளவு வேண்டாமா? நான் நிஜமாகவே தள்ளியிருப்பேன். அதற்குள் அவள் இமினாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தணித்தாள்.

"அவரைக் கொஞ்சம் வெளியே அனுப்புங்க. அவரை வச்சுக்கிட்டு என்னால சொல்ல முடியாது."

நாய்களைப் பார்த்துவிட்டு வரச் சொல்லி இமினாவை அனுப்பினேன். எகிலானா என் சட்டையைப் பிடித்து, பூட்ஸ் அடுக்கியிருந்த மூலைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"அவர் குளிர்ல சாகல, மாமா."

"என்ன உளர்றே? நானும்தானே அன்னிக்குத் தேடி வந்தேன்?"

"நீங்க பின்னாடி வந்தீங்க. என் வண்டிதான் முதல்ல போச்சு. பாதி உரிச்ச சீல் பக்கத்துல கிடந்தார். கையெல்லாம் கொழுப்பு. கைப்பிடி வழுக்கி, கை அப்படியே அலகு மேல போயிருக்கு. உள்ளங்கையிலேர்ந்து மணிக்கட்டு வரைக்கும் பிளந்து கிடந்துது. நீங்க வர்றதுக்குள்ள கையுறையை மாட்டி விட்டுட்டேன். சுத்தி இருந்த ரத்தமெல்லாம் சீலோடதுன்னு நீங்க நினைச்சுக்கிட்டீங்க."

உடம்பைத் தூக்கி வண்டியில் வைத்தவர்களில் நானும் ஒருத்தன்.

"அத்தனை பெரிய வேட்டைக்காரர், சொந்தக் கத்திக்கே பலியானார்னு யாரும் சொல்லிடக் கூடாதுன்னு பன்னிரண்டு வருஷமா வாயைக் கட்டிக்கிட்டு இருந்தேன். உங்க பிடிவாதத்தால இன்னிக்குத் திறக்க வேண்டியதாப் போச்சு."

நான் நேரே போய் அந்தச் சிவப்புக் கத்தியை எடுத்து ஊஸாக்கிடம் நீட்டினேன். "இதையே கட்டு" என்றேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். பார்த்துக்கொள்ளட்டும்.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. திரும்பி வந்து மெதுவாகக் கேட்டேன்.

"இந்த மாதிரிக் கத்திதான் அவருக்குப் பிடிக்கும்கிறியே, அன்னிக்கு மட்டும் ஏன் அதை எடுத்துட்டுப் போகல?"

எகிலானா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அவருக்கு எங்க பிடிச்சுது? ஆசையா வாங்கிக் கொடுத்தேன், பொம்பளைக்கு என்ன தெரியும்னு தூக்கி எறிஞ்சுட்டுப் போனார். இந்த ஒரு தடவையாவது எனக்குப் பிடிச்சதை அவர் இடுப்புல கட்டி விடுங்க, மாமா."