பழைய மெஷின் சத்தம்

“முதலாளி லைன்ல இருக்கார், சத்தம் போடாதே” என்று மனைவியைக் கையமர்த்தினார்.

அவர் அச்சகத்தில் மெஷின்மேன். அச்சகப் படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து படுக்கைதான். ஆறு மாதமாக லீவு.

போனில் கடக் கடக்கென்று மெஷின் சத்தம். நடுவில் யாரோ பலமாகத் தும்மினார்கள். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, “ரோலருக்கு எண்ணெய் விடச் சொல்லுங்க சார்” என்றார்.

நேற்று பெல்ட். இன்று எண்ணெய். தினமும் இதே கூத்து. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“சம்பளம் தர்றார்னா உங்களை எழுதி வாங்கிட்டாரா? லீவுல இருக்கிறவர்கிட்ட வேலை வாங்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கு!”

“விடேன்.”

அவள் விடவில்லை. மறுநாள் போன் வரும் நேரம் பார்த்து, ஒரு கை பார்த்துவிடுவது என்று அச்சகத்துக்கே போய்விட்டாள்.

உள்ளே பளபளவென்று ஒரு புது மெஷின். பழையது இருந்த இடத்தில் காகிதக் கட்டுகள்.

அறையில் முதலாளி ஒரு போனில் பேசிக்கொண்டே, இன்னொரு போனை அதன் பக்கத்தில் பிடித்திருந்தார். அதிலிருந்து கடக் கடக்.

இவளைப் பார்த்ததும் இரண்டையும் அணைத்தார்.

“பழைய மெஷின் எங்கே சார்?” என்றாள். “அப்போ அவர் வேலை?”

“அவர் வேலை அவருக்குத்தாம்மா. எழுந்து வந்து புதுசைக் கத்துக்கட்டும், அதுவரைக்கும் தற்காலிகமா ஒரு ஆள் பார்த்துக்கறார். பழசை இரும்புக்குப் போட்டாச்சு. சத்தத்தை மட்டும் பதிஞ்சு வெச்சுக்கிட்டேன்.”

“எதுக்கு சார்?”

“தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு முதல்ல போனே பண்ணாமதான் இருந்தேன். ஒருநாள் நான் அவரைப் பார்க்க வந்தப்போ, ‘நான் இல்லாமலே ஓடுதா சார்?’னு கேட்டுட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துட்டார். மனசு கேக்கலை. சொல்லிடாதீங்கம்மா.”

சண்டைக்குப் போனவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீடு திரும்பினாள்.

“இன்னிக்கு மெஷின் எப்படி ஓடுதாம்?” என்று அக்கறையாக விசாரித்தாள்.

அவர் சிரித்துவிட்டார்.

“நேத்து வரைக்கும் திட்டினவ இன்னிக்கு விசாரிக்கறே. போய்ப் பார்த்துட்டு வந்துட்டியா?”

“அப்போ... உங்களுக்குத் தெரியுமா?”

“காட்டிக்காதே. அவரோட அச்சகப் படியில விழுந்து நான் இப்படிக் கிடக்கேனேன்னு மனுஷன் குமையறார். எனக்கு போன் பண்ணினாதான் அவருக்குச் சோறு இறங்கும்.”

“எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

“பின்னே? எந்த மனுஷனாவது தினமும் அதே இடத்துல தும்முவானா?”