ஞாபகமில்லீங்க

அறுப்புக் கூலித் தகராறைப் பற்றி யார் கேட்டாலும் "ஞாபகமில்லீங்க" என்றே சொல்ல வேண்டுமென்று அந்தத் தெருவில் யாரும் யாருக்கும் சொன்னதில்லை. ஆனாலும் எல்லோரும் அப்படியே சொன்னார்கள். குடியிருந்த மனைகள் மிராசுதாருடையவை. வாய் திறந்தால் வீடு போகும்.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில், மூளைக் காயத்தையும் மறதியையும் ஆராயும் டாக்டர் சௌந்தரநாயகி கேட்கக் கேட்க, அந்தத் தெருக்காரன் இராஜாங்கம் பதில் சொன்னான். அவன் மனைவி அம்சம் பேசாமல் இருந்தாள். மிராசுதாரின் காரியக்காரர் சிவசாமி வாசலை மறித்து நின்றார்.

"அடி எங்க?"

"தலையிலங்க."

"தூக்கம் வருதா?"

"இல்லீங்க. தரையில கம்பு ஊன்டுற சத்தம் கேட்டாலே தூக்கிவாரிப் போடுதுங்க."

"அடிச்சது யாரு?"

"ஞாபகமில்லீங்க."

சிவசாமி சிரித்தார். "மறதின்னு ஒரு சீட்டு எழுதிக் குடுங்க டாக்டரம்மா. கேசும் முடிஞ்சிடும்."

கேஸ் முடிந்தால் அடுத்த அறுப்பிலும் அதே கம்பு யார் தலையிலாவது இறங்கும் என்று அம்சம் நினைத்தாள்.

"மறந்திருந்தா கம்புச் சத்தத்துக்கு ஏன் நடுங்கணும்?" என்ற டாக்டர், இராஜாங்கத்தை விலக்கிவிட்டுக் கட்டிலருகே வந்தார். "அடிபட்டது உங்களுக்கு, அம்சம். பதில் மட்டும் உங்க வீட்டுக்காரர் சொல்றாரு. நீங்க சொல்லுங்க."

அம்சம் தலைக்கட்டைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள்.

"எல்லாம் ஞாபகமிருக்குங்க. அடிச்சது, வாசல்ல நிக்கிற இந்தச் சிவசாமிதான்."