மூக்கைத் தீட்டிய காக்கை

முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே இந்தக் கதையைச் சொல்கிறேன்.

ஒரு ஆண் காக்கை, கூட்டைக் காக்க வேண்டுமென்று நாள்முழுக்கக் கல்லில் மூக்கைத் தீட்டியது. அதன் பெண்சாதியோ ஒரு பிடி சோறு கிடைத்தாலும் ஊரையே கத்திக் கூப்பிட்டது.

"நம்ம குஞ்சுக்கு வேணாமா? எல்லாத்தையும் அள்ளிக் குடுக்குறியே!" என்று ஆண் திட்டியது.

ஒருநாள் பருந்து குஞ்சுகள் மேல் பாய்ந்தது. ஆண் கொத்திப் பார்த்தது, பருந்து அசையவில்லை. பெண் ஒரு குரல் கொடுத்தது. நாற்பது காக்கைகள் வந்து பருந்தை விரட்டின.

"பார்த்தியா என் மூக்கை!" என்றது ஆண்.

"அட போங்க! உங்க மூக்கைப் பார்த்தா இத்தனை பேரும் ஓடி வந்தாங்க? நாளைக்குச் சாப்பிட வரும்போதாவது மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காம, அவங்களை வாங்கன்னு ஒரு வார்த்தை..."

இதோ வந்துட்டேன் அத்தை, பிள்ளை எழுந்துட்டானா, தொட்டிலைக் கொஞ்சம் ஆட்டுங்க...