தண்ணீர் வாங்கிக் குடித்தவர்

மன்னிப்புத் துறையிலிருந்து ஆள் வந்தபோது அத்தை மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார்.

"கோர்ட்டுல அவங்க பதில் சொல்லணும் மாப்பிள்ளை. வர்றவனுக்குச் சொட்டுத் தண்ணி குடுத்துராதீங்க" என்று காலையிலேயே சொல்லியிருந்தார். அரசு கேட்கும் மன்னிப்பை வீட்டார் ஏற்றுக்கொண்டால் வழக்கு முடிந்துவிடும். வந்தவருக்குத் தண்ணீர் கொடுத்தாலே ஏற்றுக்கொண்டதாகச் சட்டம்.

படியேறி வந்ததில் துறை ஆளுக்கு மூச்சு வாங்கியது. "பெருந்தொற்றின்போது உங்கள் மனைவி நிறைமதிக்கு ஆக்சிஜன் தரத் தவறியதற்காக அரசு..." என்று படிக்க ஆரம்பித்தவருக்கு இருமல் வந்தது. அது நிற்கவே இல்லை. மருத்துவமனை வாசலில் நிறைமதியும் இப்படித்தான் என் தோளைப் பிடித்துக்கொண்டு இருமினாள்.

டம்ளரை நீட்டிய பிறகுதான் என் கையைக் கவனித்தேன். அவர் குடித்து முடித்தார். அவர் சட்டையிலிருந்த கேமராவில் பச்சை விளக்கு எரிந்தது. வழக்கு முடிந்துவிட்டது.

"சத்தியமா நான் வேணும்னு இருமல சார்" என்று சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போனார்.

அத்தை வந்து, ஈர டம்ளரைப் பார்த்தார். நான் தலை நிமிரவில்லை.

"எனக்கும் அந்த இருமல் மேல கேட்டுச்சு மாப்பிள்ளை. நான் காதைப் பொத்திக்கிட்டு நின்னேன்ல?" என்றார்.