டேம் கரைக்கு ஒரு சிற்பம்

"டேம் கரையில நம்ம டவுனுக்கே அடையாளமா ஒண்ணு வைக்கணும். ஒங்க யோசனை என்னங்க டீச்சர்?" என்று கேட்டார் நகரசபைத் தலைவர் முத்துலிங்கம். மணிக்கூட்டுக் கோபுரம், சிமெண்ட் மான் என்று கூட்டத்தில் மற்றவர்கள் சொல்லி முடித்திருந்தார்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த சித்திர ஆசிரியை யோகராணி வெறுங்கையோடு எழுந்தார்.

"ஒரு சிற்பம் ஐயா. மழைக்குத் தண்ணிக்குள்ள மறையும். கோடைக்குத் தானா எழும்பும். கரண்டும் வேண்டாம், பெயிண்டும் வேண்டாம். கரையைத் துப்புரவாக்கி, இருந்து பாக்க ரெண்டு மர வாங்கு போட்டால் காணும், வேற செலவில்லை."

முத்துலிங்கத்துக்குச் சிரிப்பு வந்தது. "தானா எழும்புமா? யாருங்க செய்வாங்க, ஜப்பான்காரனா?"

"செய்தாச்சு ஐயா. ஒருக்கா வந்து பாருங்கோ."

டவுன் குப்பையெல்லாம் கொட்டுகிற கரை அது. நாற்றத்துக்குப் பயந்து பல வருடமாக யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு குப்பைமேட்டைச் சுற்றி வந்த முத்துலிங்கம் அப்படியே நின்றுவிட்டார்.

2002ஆம் வருடத்துக் கோடையில் வற்றிக் கிடந்த நீரின் நடுவே, சேறு பூசிய கோபுரம் ஒன்று எழுந்து நின்றது. அதன் உச்சியில் ஒரு நீர்க்காகம் சிறகை விரித்துக் காய்ந்துகொண்டிருந்தது. அணை கட்டியபோது பழைய டவுனோடு மூழ்கிப்போன கோயில்.

"எனக்கு மொட்டை போட்டது இங்கதாங்க," என்றார் மெதுவாக. "இடிஞ்சு கரைஞ்சிருக்கும்னு நெனச்சேன்."

பின்னால் நகரசபைக் குப்பை லாரி உறுமிக்கொண்டு வந்தது. முத்துலிங்கம் சப்பாத்தைக் கழற்றி வைத்தார். வெறுங்காலோடு அந்தக் குப்பையில் நடந்துபோய் லாரியை மறித்து நின்றார்.