மேகத்துக்குள் ஒரு சண்டை

"பொண்ணுங்களுக்கெல்லாம் எதுக்கும்மா விமானம்?"

கட்டுப்பாட்டு அறை அதிகாரி மைக்கைப் பிடித்து இப்படிக் கேட்டதும், மூலையில் உட்கார்ந்திருந்த அப்பா துள்ளி எழுந்தார்.

மேகத்துக்குள் திசை தப்பி, எங்கே இருக்கிறோம் என்றே தெரியாமல் தனியாகப் பறந்துகொண்டிருப்பவள் அவர் மகள். பயிற்சி மாணவி. இதுவோ ரேடார்கூட இல்லாத சின்ன விமான நிலையம்.

"என்ன... என்ன சார் சொன்னீங்க?" ஸ்பீக்கரில் மகளின் அழுகைக் குரல்.

"ஒழுங்கா வீட்ல இருந்திருக்கலாம்னு சொன்னேன்."

"அதைச் சொல்ல நீங்க யாரு சார்? எங்கப்பாவே அப்படிச் சொன்னதில்ல!"

"செல்லம் குடுத்துக் கெடுத்துட்டாரு."

"எங்கப்பாவை இழுக்காதீங்க! கீழ வந்து உங்களைப் பார்த்துக்கறேன்!"

அப்பா அதிகாரியின் தோளைப் பிடித்து உலுக்கினார். "நீயெல்லாம் மனுஷனாய்யா? பிள்ளை அங்க உயிருக்குப் போராடுது..."

அதிகாரி திரும்பவே இல்லை. அவர் கண் எதிரே இருந்த கருவியில் பதிந்திருந்தது. மகள் பேசும்போதெல்லாம், குரல் வரும் திசைக்கு அதன் ஊசி திரும்பி நின்றது.

உதவியாளர் அந்தத் திசையில் வரைபடத்தில் கோடு போட்டார். பக்கத்து ஊர் விமான நிலையத்து ஊசி காட்டிய கோணம் போனில் வந்தது. அங்கிருந்து இன்னொரு கோடு. இரண்டும் வெட்டிக்கொண்டன.

"இங்கதான் சார் இருக்கா!"

காற்று தள்ளும் பக்கத்துக்கு ஓர் அம்பு, ஓடுபாதையை நோக்கி ஓர் அம்பு. அவசரமாகக் கணக்குப் போட்டார். "இடப்பக்கம் இருபது டிகிரி, சார்."

"சண்டை அப்புறம் போடலாம். இடப்பக்கம் இருபது டிகிரி திரும்பு. திரும்பவாவது தெரியுமா?"

"உங்களைவிட நல்லாவே தெரியும்!"

கொஞ்ச நேரத்தில் மேகத்தைக் கிழித்துக்கொண்டு விமானம் தெரிந்தது. லேசாக ஆடியது. சக்கரம் தரையைத் தொட்டதும் அறையே கைதட்டியது.

அப்பாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு வரைபடத்தில் வெட்டிக்கொண்ட கோடுகளைப் பார்த்தார். புரிந்தது.

"மன்னிச்சிடுங்க சார். அவ பேசினாத்தான் ஊசி திசை காட்டும்னு வம்புக்கு இழுத்திருக்கீங்க. நான்தான் தப்பா..."

அதிகாரி வியர்வையைத் துடைத்தபடி சிரித்தார்.

"ஊசிக்கு அவ அழுதிருந்தாலே போதுங்க. ஆனா, அழுதுக்கிட்டே விமானத்தை இறக்க முடியாதே!"