ஏழாயிரம் பேரை அடித்த கை

"ஒரே வாரத்துல ஏழாயிரம் பேரை இந்த ஒத்தக் கையால அடிச்சி வீழ்த்தியிருக்கேன்!" என்றார் ஓய்வுபெற்ற கண்டக்டர் ஞானதுரை, காபி டம்ளரைத் தூக்க முடியாமல்.

"அளக்காதீங்க. தண்ணிக்குடம் தூக்கணுமேன்னு நடிக்கீங்க," என்றாள் மனைவி ஞானபூரணம்.

முழங்கையின் வெளிப்பக்கத்தை அவள் லேசாக அமுக்கினாள். அவர் போட்ட அலறலில் கரிவலம்வந்தநல்லூர் பஸ்ஸே நின்றிருக்கும்.

டாக்டராக இருக்கும் மகள் ஜெஸ்லின் போனில் சொன்னாள்: "டென்னிஸ் எல்போம்மா. ஐஸைத் துணியில சுத்தி ஒத்தடம் கொடு. கைக்கு ஓய்வு வேணும்."

"சங்கரன்கோயில்ல எவன்ட்டி டென்னிஸ் ஆடுதான்?" என்று போனைப் பார்த்துக் கத்தினார் ஞானதுரை.

சாயங்காலம் அவர் பார்க்கும் வேலை அவள் தலையில் விழுந்தது. பத்தே நாளில், டம்ளரைத் தொட்டவள் "ஆண்டவரே!" என்று முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். தூக்க ஆளில்லாமல் இரண்டு காபியும் ஆறின.

மூலையில் கொசு பேட் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது.

"ஏழாயிரத்துக்கு ஒண்ணும் கொறையாதுங்க," என்றாள் ஞானபூரணம்.